கீழத்தெரு என்று எழுதிய சீட்டு

அன்று முனீஸ்வரன் மரத்தடியில் இருந்தவர்கள் ஆறு பேர். வெண்கல மணியைப் பிடித்துக்கொண்டு பூசாரி. நல்லவாட்டிலிருந்து எங்கள் பக்கம் மீன் கொண்டுவரும் மீன்காரம்மா. அவளுக்குத் துணையாக வந்த அவள் நாத்தனார். எங்கள் தெருவின் முதல் வீட்டுக்காரர். அவர் கரும்பும் நெல்லும் போடுகிறவர், தெருவில் அவர் சொல்தான் சொல். என் வீட்டுக்காரர். கையில் சீட்டோடு நான். வர வேண்டாம் என்று நானே சொல்லி வைத்ததால் வராமல் இருந்தவள் ஒருத்தி, என் எதிர் வீட்டு அக்கா. அவளையும் சேர்த்தால் ஏழு. நான் எப்போதும் அவளைச் சேர்த்தேதான் எண்ணுகிறேன்.

அது உறுவையாற்றுப் பக்கம். ஐரோப்பாவில் யுத்தம் தொடங்க இரண்டொரு வருடம் இருந்தது. தை அறுப்பு முடிந்து களத்தில் வைக்கோல் மட்டும் மிஞ்சியிருந்த நாட்கள். எனக்கு இருபத்திரண்டு வயது, கைப்பிள்ளை ஒன்று, நடக்கிற பிள்ளை ஒன்று.

எனக்குப் படிப்பு மூன்றாம் வகுப்போடு சரி. வில்லியனூரில் கன்னியாஸ்திரீகள் நடத்திய பள்ளிக்கூடம். என் அம்மாவுக்கு ஐந்தாவது பிரசவம் ஆனபோது வீட்டில் ஆள் வேண்டும் என்று நிறுத்திவிட்டார்கள். பள்ளிக்கூடத்தில் இருந்தவரை காலையில் அவர்கள் ஜெபத்துக்குப் பயந்தேன், சாயங்காலம் வந்து முனிக்குப் பயந்தேன். பயப்படுவதில் நான் எந்தச் சாமிக்கும் குறை வைத்ததில்லை. அடுப்பை அணைத்துவிட்டுப் படுத்த பிறகு இரண்டு தரம் எழுந்து போய்ச் சாம்பலைத் தொட்டுப் பார்க்கிறவள் நான். இன்றைக்கும் அப்படித்தான்.

ஆனால் எழுத்துக்கூட்டி எழுத வந்தது. எங்கள் பக்கத்துப் பெண்களுக்கு அது பெரிய காரியமாக இருந்தது, ஏனென்றால் முனீஸ்வரனுக்குச் சீட்டுக் கட்டுகிற வழக்கம் அங்கே உண்டு. இன்ன ஊர், இன்னார் மகள், எனக்கு இன்ன அநியாயம் நடந்தது, செய்தவர் இன்னார், நீயே கேள் என்று எழுத வேண்டும். அதைச் சாமிக்கு முன்னால் உரக்கப் படிக்க வேண்டும். சாமிக்குப் படிக்கத் தெரியாது என்பதல்ல, நாலு பேர் காதில் விழ வேண்டும் என்பதுதான். பிறகு வேப்பிலையோடு சுருட்டி, மஞ்சள் நூலால் அவர் வேலில் கட்டிவிடுவார்கள். நாற்பத்தெட்டு நாள் கெடு. காணாமல் போன பொருள் என்றால் வேலடியில் ஒரு கலயம் வைப்பார்கள். எடுத்தவர் மனம் மாறி அதில் போட்டுவிட்டால் யார் என்று ஒருத்தரும் கேட்கக் கூடாது. கெடு முடிகிற அன்று எல்லோர் முன்னாலும் கலயத்தைக் கவிழ்ப்பார்கள்.

பொலீசுக்குப் போகலாம்தான். அதற்கு வில்லியனூர் வரை நடக்க வேண்டும். எங்களை ஆண்டது பிரெஞ்சுக்காரன், போனால் அவன் பாஷையான பிராஞ்சில் எழுதிக்கொள்வார்கள். நாம் சொன்னதைத்தான் எழுதினார்களா என்று நமக்கு எப்படித் தெரியும்? முனிக்கு என் தமிழ் போதும். ஒரு சீட்டுக்கு ஓரணா வாங்குவேன். இல்லாதவர்களிடம் ஒரு கை கீரை.

மீன்காரம்மாவுக்கு அப்போது நாற்பது வயது இருக்கும். வாரத்தில் மூன்று நாள் தலையில் கூடையோடு வருவாள். தெருமுனையில் அவள் குரல் கேட்டதும் பூனைகள் முதலில் கிளம்பும், அப்புறம் நாங்கள். காசு கேட்க மாட்டாள். கதவுக்குப் பக்கத்துச் சுவரில் கரிக்கோடு ஒன்று இழுத்துவிட்டுப் போவாள். அறுப்பு முடிந்ததும் கோடுகளை எண்ணி நெல்லாகவோ ரூபாயாகவோ வாங்குவாள். நாங்கள் சுவருக்கு வெள்ளையடித்தால் அவளுக்குக் கோபம் வரும். "பொங்கலுக்கு அடிச்சாளாம் வெள்ளை. என் கணக்க அடிச்சிட்டா" என்று தெரு முழுக்கக் கேட்கும்படி சொல்வாள். ஆனாலும் எந்த வீட்டில் எத்தனை கோடு என்பது அவள் மனதில் இருக்கும். இன்றைக்கும் காலா மீன் கழுவுகிற வாசனை வந்தால் எனக்கு அந்தச் சுவர்தான் ஞாபகம் வருகிறது.

அந்தத் தை மாதம் நாலைந்து ஊரில் பாக்கி வசூலித்துப் பதினான்கு ரூபாயைத் துணியில் முடிந்து இடுப்பில் செருகியிருந்தாள். புருசனுக்கு வலைக்கு நூல் வாங்க வேண்டிய பணம். கடைசியாக எங்கள் தெருவுக்கு வந்து, எதிர் வீட்டு அக்காவிடம் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு நடந்தாள். ஆற்றைத் தாண்டிக் கரையேறித் தடவிப் பார்த்தபோது முடிச்சு இல்லை.

மறுநாள் காலையில் மீன் இல்லாமல் வந்து என் எதிரில் உட்கார்ந்தாள்.

"எளுது தங்கச்சி. எதிர் வூட்டுக்காரின்னு எளுது."

எடுத்ததைப் பார்த்தாயா என்று கேட்டேன்.

"பாக்கறது இன்னா? அவ வூட்ல தண்ணி குடிச்சேன், ஆத்தத் தாண்டுனா இடுப்பு காலி. புருசன் இல்ல, புள்ள கட்டிக்குடுத்த எடத்துல. ஒரு ஆட்ட வச்சிக்கினு குந்தியிருக்கா. எடுக்காம இன்னா செய்வா?"

ஆற்றில் விழுந்திருக்கலாமே, இடுப்பளவு தண்ணீரில்தானே கடந்தாய் என்றேன். ஆற்றின் மேல் சீட்டு எழுத முடியாது என்றாள்.

நான் உடனே காகிதத்தை எடுக்கவில்லை. காரணம் இருந்தது. அதற்கு முந்தைய வருடம் மேலத்தெரு மருமகள் ஒருத்தியின் பெயரை நான்தான் எழுதினேன், நான்தான் படித்தேன். காணாமல் போனது ஒரு பித்தளைச் செம்பு. அதன் பிறகு அவளை யாரும் நடவுக்குக் கூப்பிடவில்லை. கிணற்றடியில் அவள் வந்தால் மற்றவர்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு நகர்ந்தார்கள். ஒரு மாதத்தில் தாய் வீட்டுக்குப் போனாள், திரும்பி வரவில்லை. செம்பும் கிடைக்கவில்லை.

எதிர் வீட்டு அக்காவுக்குப் போக ஒரு தாய் வீடும் இல்லை. அவளிடம் இருந்தது அந்தக் குடிசை, ஒரு பெட்டை ஆடு, தெருவில் நாலு வீட்டில் உரல் குத்துகிற வேலை. ஆட்டுப் பாலைத்தான் எங்கள் தெருப் பிள்ளைகள் குடித்தன, என் பிள்ளையும்தான். பெயர் எழுதினால் அந்த நாலு வீடும் கதவைச் சாத்திவிடும்.

எழுத முடியாது என்று சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. வேறொன்று வாயில் வந்துவிட்டது.

"பேரு எழுதி, அந்தப் பேரு தப்பாயிருந்தா சீட்டு திரும்பிடும்க்கா."

"யாரு மேல?"

"சொன்னவ மேல. அப்புறம் எழுதினவ மேல."

அப்படி ஒரு விதி இல்லை. அந்த நிமிடம் வரை உலகத்தில் இல்லை. ஆனால் சொன்னதும் மீன்காரம்மாவின் முகம் மாறியதைப் பார்த்தேன். அவள் புருசன் கட்டுமரத்தில் கடலுக்குப் போகிறவன். அவள் தாலியைத் தொட்டுக்கொண்டாள். எட்டு ஊரில் வாயடிக்கிற அந்தப் பெண்ணை நான் ஒரு பொய்யால் அடக்கிவிட்டேன். வெட்கமாக இருந்தது. கொஞ்சம் நன்றாகவும் இருந்தது, அதை மறைக்கக் கூடாது.

பிறகு அவள் சொன்னாள்: "அப்ப தெருவ எளுது. தெருவுல எவளோ ஒருத்திதான? தெருவ எளுதினா தப்பாவாது பாரு."

அவசரத்தில் விதி செய்கிறவளுக்கு அடுத்த விதி உடனே வராது. கீழத்தெரு என்று எழுதினேன்.

வெள்ளிக்கிழமை காலை மரத்தடியில் அதைப் படித்தேன். "கீழத்தெருவில் அந்த முடிப்பை எடுத்தவர் எவரோ, அவர் அடுப்பும் தொழுவமும் தொட்டிலும் உன் கண்ணில் இருக்கட்டும்" என்று முடித்தேன். மீன்காரம்மா சொல்லச் சொல்ல எழுதிய வார்த்தைகள். தொட்டில் என்றபோது முதல் வீட்டுக்காரர் இருமினார். அவர் வீட்டில் மருமகளுக்கு ஏழாம் மாதம். என் வீட்டுக்காரர் என்னைத் திரும்பிப் பார்த்தார். எங்கள் தொட்டிலும் கீழத்தெருவில்தான் ஆடிக்கொண்டிருந்தது என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. பூசாரி மணியடித்துக் கலயத்தை வைத்தார்.

எங்கள் தெருவில் ஒன்பது வீடு. எட்டாம் நாள் ஒரு வீட்டில் கன்றுக்குட்டி செத்தது. கன்றுகள் சாகிறதுதான். அதற்குப் பிறகு ஒரு வீட்டுக் கூரையில் பாம்பு இறங்கியது. முப்பத்தைந்தாம் நாள் என் கைப்பிள்ளைக்கு உடம்பு கொதித்தது. யாரும் யாரையும் ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் விடியும்போதே தலைக்குக் குளித்த பெண்கள் ஈரக் கூந்தலோடு மரத்தடிப் பக்கமிருந்து வருவதைப் பார்த்தேன். எதிரில் வந்தால் விளக்கேற்றப் போனேன் என்பார்கள். முதல் வீட்டுக்காரர் மரத்தைத் தாண்டி ஏரிப் பக்கம் அடிக்கடி போகிறார், அவருக்கு வயிறு சரியில்லை போல என்று என் வீட்டுக்காரர் சொல்லிச் சிரித்தார். அவரே ஒரு நாள் காரணம் சொல்லாமல் அரை மணி நேரம் காணாமல் போனார்.

நானும் போனேன். நான் முடிப்பை எடுக்கவில்லை. ஆனால் பிள்ளையின் வயிற்றைத் தொட்டால் கை சுடுகிறது. சாமி பெயரில் பொய் சொன்னவள் நான். மீன்காரம்மாவின் கோடுகளில் ஒன்றிரண்டை வெள்ளையடிக்கும்போது தெரிந்தே அழித்தவளும் நான். ஒரு ரூபாயை முந்தானையில் முடிந்து எடுத்துக்கொண்டு போய்க் கலயத்தில் போட்டேன். அடியில் இருந்த காசுகளின் மேல் அது விழுந்த சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. மார்பின் மேலிருந்து யாரோ அம்மிக்கல்லை எடுத்தது போல இருந்தது. திரும்பும் வழியில் வாய்க்காலில் கால் நனைத்துக்கொண்டு சும்மா நின்றேன். நான் அப்படிச் சும்மா நின்ற நாட்கள் என் ஆயுளில் அதிகம் இல்லை. சாயங்காலம் பிள்ளைக்கு வியர்த்துச் சுரம் இறங்கியது. காலையில் நிலவேம்புக் கஷாயமும் கொடுத்திருந்தேன். எது இறக்கியது என்று இன்றும் நான் சொல்ல மாட்டேன்.

நாற்பத்தெட்டாம் நாள் தெருவே மரத்தடியில் இருந்தது. பூசாரி கலயத்தைக் கவிழ்த்தார். முழு ரூபாய் நாலைந்துதான். மற்றதெல்லாம் அரை ரூபாய், கால் ரூபாய், இரண்டணா, ஓரணா, காலணா. எண்ணியபோது பதினொரு ரூபாய் ஐந்தணா இருந்தது. யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. எல்லோரும் வேலின் நுனியை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றோம்.

மீன்காரம்மாதான் பேசினாள். "என் முடிச்சுல அத்தனையும் ரூபாயா இருந்தது. எடுத்தவன் கடத்தெரு போயி சில்லறை மாத்திகினு வந்திருக்கான் பாரேன்."

முதலில் சிரித்தது அவள் நாத்தனார். அப்புறம் பூசாரி, அப்புறம் எல்லோரும். வயிறு வலிக்கச் சிரித்தோம், முதல் வீட்டுக்காரர் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அத்தனை வருடம் அவளுக்கு அழித்த கோடுகளெல்லாம் அங்கே காசாகக் கிடந்தன என்பது அவளுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். ஒருத்தரும் சொல்லவில்லை. அவள் சொன்ன விதத்தில் யாருக்கும் சொல்ல வேண்டியிருக்கவும் இல்லை. அந்தத் தெரு ஒன்றாக நின்று சிரித்ததை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு அந்த வெயில் வேண்டும் போலிருக்கிறது.

பணத்தை முடிந்துகொண்டு மீன்காரம்மா நேராக எதிர் வீட்டு அக்காவின் வாசலுக்குப் போனாள். மடியிலிருந்த நெத்திலிக் கருவாட்டை ஒரு முறத்தில் கொட்டிவிட்டு, "இன்னா பாக்கற, வறுத்துத் தின்னு" என்று சொல்லிவிட்டு நடந்தாள். மன்னிப்பு என்று அவள் கேட்டது அவ்வளவுதான்.

எனக்கு ஒரே பெருமை. யாருக்கும் கெட்ட பெயர் இல்லை, பணமும் முக்கால்வாசி வந்துவிட்டது. எல்லாம் என் ஒரு பொய்யால். அதைச் சொல்லாமல் சொல்லி அக்காவைச் சந்தோஷப்படுத்தலாம் என்று அவள் வீட்டுக்குப் போனேன். அவள் கருவாட்டில் மண் பொறுக்கிக்கொண்டிருந்தாள். ஆட்டுக்குப் பால் வற்றியதிலிருந்து நான் அந்தப் பக்கம் போகவில்லை, இப்போது பின்பக்கம் முளைக்குச்சி வெறுமனே நின்றது. கயிறு சுருட்டி வைத்திருந்தது.

ஆடு எங்கே என்று கேட்டேன். போன வாரம் வில்லியனூர்ச் சந்தையில் விற்றுவிட்டதாகச் சொன்னாள். எவ்வளவுக்கு என்றேன். மூன்று ரூபாய். அந்த ரூபாய் எங்கே என்று நான் கேட்பதற்குள் அவளே மரத்தடிப் பக்கம் தலையை ஆட்டினாள்.

"நீ எடுக்கலியே அக்கா."

"எடுக்கல."

"அது முனிக்குத் தெரியாதா?"

"தெரியும். தெரியாம இன்னா?" கருவாட்டை ஒதுக்கி வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "ஆனா நீ கீழத்தெருன்னு எளுதினியே தங்கச்சி. நான் கீழத்தெருதான?"

மேரி என்கிற பஞ்சாயத்து ஆபீசிலிருந்து வரி போட்டால் எல்லா வீடும் கொடுக்கிறதில்லையா, அது மாதிரிதான் என்றாள். ஒரு வீடு கொடுக்காமல் விட்டு, தெருவில் ஒரு தொட்டிலுக்கு ஏதாவது ஆகிவிட்டால் ஊர் யாரைச் சொல்லும்? அந்தக் கேள்வியோடு ஒரு மாதம் கிடந்தாளாம். என் பிள்ளைக்குச் சுரம் என்று கேட்ட அன்றுதான் ஆட்டை விற்பதென்று முடிவு செய்தாளாம். "போட்ட அன்னிக்குத்தான் கண்ணு மூடுனேன். அதுக்கப்புறம் நல்லா தூங்கறன். உனக்கு இன்னா மூஞ்சி இப்படிப் போவுது?"

அப்போது நான் சொல்லியிருக்க வேண்டும். பெயர் எழுதக் கூடாது என்பது என் வாயில் பிறந்த விதி, தெருவை எழுதியது என் பயம், உன் ஆடு போனது என்னால் என்று. சொன்னால் அவளுக்கு ஆடும் இல்லை, அந்தத் தூக்கமும் இல்லை. இரண்டாவதையாவது விட்டுவைக்கலாம் என்று நினைத்தேன். அது அவளுக்காகவா எனக்காகவா என்று பல வருடம் யோசித்திருக்கிறேன். பாதிக்குப் பாதி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

என் பெரிய பிள்ளை இப்போது கூட்டங்களுக்குப் போகிறவன். சாமி என்பது ஏழையைப் பயமுறுத்தி வைக்கவும் மயக்கிப் படுக்க வைக்கவும் வந்தது என்பான். அவன் சொல்வதில் தப்பில்லை, அந்த ஆட்டை நான் கண்ணால் பார்த்தவள். ஆனால் அவனிடம் ஒன்று கேட்க நினைப்பேன்: எங்களை அடக்கியது முனியா, மூன்றாம் வகுப்பு படித்த நானா? வேல் தன்பாட்டுக்கு நின்றது. எழுதியது என் கை. வாய்க்காலில் கால் நனைத்துக்கொண்டு நின்ற அந்தக் காலையை யார் கொடுத்தது என்றும் கேட்க நினைப்பேன். இப்போது பட்டணத்தில் இருக்கிறேன். கவலை அதேதான், போட்டுவிட்டு வரக் கலயம் இல்லை.

அதற்குப் பிறகும் பெண்கள் சீட்டு எழுத வந்தார்கள். ஒரு தடவை ஒருத்தி பெயர் எழுதச் சொன்னபோது, நான் வாய் திறப்பதற்குள் பூசாரியே குறுக்கிட்டார். பெயர் எழுதினால் சீட்டு திரும்பும், அது தன் பாட்டன் காலத்து விதி என்றார். அவர் பொய் சொல்லவில்லை. முழுக்க நம்பித்தான் சொன்னார். நான் காகிதத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அதன் பின் அங்கே எந்தப் பெண்ணின் பெயரும் மரத்தடியில் படிக்கப்படவில்லை. தெருக்களின் பெயர்தான் படிக்கப்பட்டது. படித்த ஒவ்வொரு தடவையும் இந்தத் தெருவில் எந்த வீட்டில் ஆடு இருக்கிறது என்று மனதுக்குள் தேடிப் பார்ப்பேன்.

அக்காவுக்குக் காசாகக் கொடுத்தால் எதற்கு என்று கேட்பாள். ஆகவே சீட்டுக்கு வந்த அணாக்களை ஒரு டப்பாவில் போட்டு வைத்து, அவள் பறித்து விற்கிற கீரைக்கு அரையணா அதிகம் கொடுத்தேன். மாவு இடித்தால் கூலிக்கு மேல் ஓரணா வைத்தேன். பண்டிகைக்கு என்று இரண்டணா கொடுத்தேன். அவளுக்குச் சந்தேகம் வந்து, "உன் வூட்டுக்காரருக்கு இன்னா சம்பளமா வருது?" என்று கிண்டல் செய்தாள். கொடுத்த ஒவ்வொரு அரையணாவுக்கும் டப்பாவின் அடியில் ஆணியால் ஒரு கீறல் போட்டேன். இரண்டு வருடம் அப்படிப் போயிற்று. மூன்றாம் வருடம் மழைக்காலத்தில், பிள்ளைச்சாவடிப் பக்கம் கட்டிக்கொடுத்த மகள் வந்து அவளை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனாள். அடுத்த சித்திரையில் அக்கா அங்கேயே இறந்துபோனாள் என்று மீன்காரம்மாதான் செய்தி கொண்டுவந்தாள். அன்றைக்குக் கீறல்களை எண்ணிப் பார்த்தேன். கொடுத்தது ஒரு ரூபாய் ஏழணா. கொடுக்க வேண்டியது இன்னும் ஒரு ரூபாய் ஒன்பது அணா.